சர்க்கரையும் மதுவும்: சிறுநீரக உயிரணுவின் கணக்கில்

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது தொழிலாளர்கள் பல கோரிக்கைகளை முன்வைத்தார்கள். கூலி உயர வேண்டும். துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும். ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் மதுவை அன்றே ஓர் அரசியல் எதிரியாகக் கண்டுகொண்டிருந்தது. சர்க்கரைக்கு எதிராக அன்று எவரும் கொடி பிடிக்கவில்லை; பிடிக்கக் காரணமும் இல்லை.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து அதே நாட்டின் மருத்துவக் கணக்கு வேறு விதமாக நிற்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. நாட்டில் புதிதாக டயாலிசிசுக்கு வருவோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது இனிப்பு நீர் எனப்படும் இந்த நீரிழிவால். அந்தப் பட்டியலில் மது தனிக் காரணமாகப் பெயர் பெறுவதில்லை.

ஊர் வாயில் கெட்ட பெயர் மதுவுக்கு. டயாலிசிஸ் நாற்காலியில் ஆளை உட்கார வைப்பது பெரும்பாலும் சர்க்கரை. இந்த முரணே இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்க்கத் தூண்டுகிறது. குடும்பம், கௌரவம், சமயம் ஆகிய அளவுகோல்களைச் சற்றே ஒதுக்கிவிட்டு, சிறுநீரகத்தின் ஓர் உயிரணுவுக்குள் இவ்விரண்டும் என்ன செய்கின்றன என்று மட்டும் கேட்டால் கிடைக்கும் விடை எதிர்பாராதது. வெளியே எதிரெதிர் முனைகளில் நிற்கும் இவை, உள்ளே நெருங்கிய உறவினர்கள்.

பிறப்பிலேயே உறவு இருக்கிறது. தென்னம்பாளையில் சொட்டும் நீர் இனிப்பானது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீராக நின்று, காய்ச்சினால் வெல்லமாகிறது. சுண்ணாம்பு இல்லையென்றால் சில மணி நேரத்தில் நொதித்துக் கள்ளாகிறது. வேதியியலின் சமன்பாடும் அவ்வளவு சுருக்கம்தான்: ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு உடைந்தால் இரண்டு எத்தனால், இரண்டு கரியமில வாயு. 180 கிராம் குளுக்கோசிலிருந்து 92 கிராம் எத்தனால். ஆரோக்கியமான ஒருவரின் சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டும் குளுக்கோசும் ஏறத்தாழ இதே 180 கிராம்தான் என்பது வெறும் தற்செயல். ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ள வசதியான தற்செயல்.

முதல் வேறுபாடு நுழைவில் தெரிகிறது. குளுக்கோஸ் பெரிய மூலக்கூறு. உயிரணுச் சவ்வைத் தானாகக் கடக்க முடியாது. அதைக் கடத்திவிடத் தனிப் புரதங்கள் வேண்டும். வடிகட்டிய 180 கிராமில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை, வடிந்த நீர் ஓடும் நுண்குழலின் முற்பகுதியில் எஸ்ஜிஎல்டி-2 என்ற கடத்திப் புரதம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தை எஸ்ஜிஎல்டி-1 எடுக்கிறது. எத்தனாலோ சிறியது, நீரிலும் கொழுப்பிலும் கலக்கக்கூடியது. அதற்குக் கடத்தியும் தேவையில்லை, ஏற்பியும் தேவையில்லை. ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு சிறுநீரகத்தின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் சில நிமிடங்களில் நிறைந்துவிடும்.

இந்த வேறுபாட்டின் விளைவு பெரிது. சர்க்கரையின் தீங்கு எந்த உயிரணுவில் எவ்வளவு என்பதைக் கடத்திகளே தீர்மானிக்கின்றன. 1995-இல் வந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது: ரத்தத்தை வடிகட்டும் வடிமுடிச்சுகளைத் தாங்கும் மெசாஞ்சியல் உயிரணுக்களில் குளூட்-1 கடத்தியைச் செயற்கையாக மிகுதிப்படுத்தியபோது, சுற்றிலும் சர்க்கரை இயல்பான அளவில் இருந்தும் அவை நீரிழிவு நோயாளியின் உயிரணுக்களைப் போலவே புறப்புரதங்களை அளவுக்கு மீறிச் சுரந்தன. மதுவுக்கு இப்படி ஒரு தேர்வு இல்லை. அது எல்லா இடத்துக்கும் போகிறது. ஆனால் அதை உடைக்கும் நொதி இருக்கும் இடத்தில்தான் அதிகம் சுடுகிறது. சிறுநீரகத்தில் அத்தகைய இடம் மறுபடியும் நுண்குழலின் முற்பகுதியே. சைப்2ஈ1 என்ற நொதி அங்கேதான் குவிந்திருக்கிறது. குடி தொடரத் தொடர அதன் அளவு கூடவும் செய்கிறது. வெவ்வேறு வழியாக வந்த இருவரும் ஒரே அறையில் வந்து தங்குகிறார்கள்.

கழிப்பறைக்கு அடிக்கடி போக வைப்பதில் இருவரும் ஒன்று. காரணத்தில் நேர் எதிர். ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 10 மில்லிமோலைத் தாண்டும்போது கடத்திகள் திணறுகின்றன. நுண்குழலில் தங்கிவிட்ட சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. இது முழுக்க முழுக்க இயற்பியல். மதுவின் வழி சமிக்ஞையின் வழி. கிரேஸ் எக்லட்டன் 1942-இல் வெளியிட்ட ஆய்வில், அருந்திய ஒவ்வொரு கிராம் மதுவுக்கும் ஏறத்தாழ 10 மில்லிலிட்டர் கூடுதல் சிறுநீர் பிரிவதை அளந்தார். மூளையிலிருந்து வாசோபிரசின் ஹார்மோன் வெளிப்படுவதை மது தடுக்கிறது. அந்த ஹார்மோனின் கட்டளை வராததால் சேகரிப்புக் குழலின் உயிரணுக்கள் அக்வாபோரின்-2 என்ற நீர்வழிப் புரதத்தைத் தம் மேற்பரப்புக்கு அனுப்புவதில்லை. மீட்கப்பட வேண்டிய தண்ணீர் வீணாகிறது. கட்டுப்பாடற்ற நீரிழிவில் இதே வாசோபிரசின் குறைவதில்லை, கூடுகிறது. ஒரே அறிகுறி, ஒரே ஹார்மோன், ஒன்றில் அடக்கம், மற்றதில் ஆர்ப்பாட்டம்.

இதுவரை பார்த்த வேறுபாடுகள் கண்ணுக்குத் தெரிபவை. உறவு வேதியியலில் ஒளிந்திருக்கிறது. குளுக்கோஸ் தன் வளையத்தைத் திறக்கும் கணத்தில் ஓர் ஆல்டிஹைடு. எத்தனால் ஆல்டிஹைடு அல்ல. ஆனால் உடலின் நொதிகள் அதன்மேல் கைவைத்ததும் அசிட்டால்டிஹைடு ஆகிவிடுகிறது. ஆல்டிஹைடு எதுவானாலும் புரதங்களின் லைசின் முனைகளைப் பற்றிக்கொள்ளும் சுபாவம் உடையது. குளுக்கோஸ் மெல்ல, மாதக்கணக்கில் ஒட்டுகிறது. ஒட்டியது மேலும் மாறி, கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் முதிர்ந்த கூட்டுப்பொருளாகிறது. அசிட்டால்டிஹைடு விரைந்து ஒட்டுகிறது. ஒட்டிய புரதத்தை உடலின் எதிர்ப்பாற்றல் அந்நியப் பொருளாக எண்ணித் தாக்கத் தொடங்குகிறது. ஒன்று இறுக்குகிறது, மற்றது எரிச்சலூட்டுகிறது. வடிமுடிச்சின் சவ்வுக்கு இரண்டுமே கேடு.

இந்த உறவை முதலில் மோப்பம் பிடித்தவர்களில் ஒருவர் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்து ஆண்டனி செராமி. ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை அளந்து நீரிழிவின் கட்டுப்பாட்டைக் கணிக்கலாம் என்று 1976-இல் காட்டிய குழுவில் அவர் இருந்தார். இன்று கிள்ளானில் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் கேட்கப்படும் எச்பிஏ1சி சோதனைக்கு வழி திறந்த ஆய்வு அது. ஐந்து ஆண்டுகளில், 1981-இல், அதே ஹீமோகுளோபினில் அசிட்டால்டிஹைடு ஒட்டுவதை விவரித்த கட்டுரையிலும் அவர் பெயர் இருக்கிறது. ஒரே ஆய்வாளர், ஒரே புரதம், இரண்டு ஆல்டிஹைடுகள். இன்று மதுவுக்கும் ரத்தச் சோதனை உண்டு. அது பாஸ்பாட்டிடைல்எத்தனாலை அளக்கிறது. சிவப்பணுவின் சவ்வில் உள்ள ஒரு நொதி தண்ணீரைப் பயன்படுத்த வேண்டிய இடத்தில் எத்தனாலைப் பிடித்துப் பொருத்திவிடுவதால் உண்டாகும் கொழுப்பு இது. எச்பிஏ1சி மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்கிறது. பாஸ்பாட்டிடைல்எத்தனால் சில வாரக் குடியைச் சொல்கிறது. நோயாளி மருத்துவரிடம் குறைத்துச் சொல்லும் இரண்டையும் சிவப்பணு கூட்டிக் குறைக்காமல் சொல்லிவிடுகிறது.

ஆல்டிஹைடைக் கையாளும் திறன் மரபுக்கு மரபு மாறுவதைப் பார்க்கக் கிள்ளான் பள்ளத்தாக்கு வசதியான இடம். ஒரே மேசையில் ஒரே பியரைப் பகிர்ந்துகொள்ளும் சீன நண்பரின் முகம் சிவக்கிறது. தமிழரின் முகம் சிவப்பதில்லை. கிழக்காசியரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அசிட்டால்டிஹைடை உடைக்கும் நொதி மரபிலேயே நலிந்திருக்கிறது. அந்தச் சங்கடம் பலரை அதிகம் குடிக்கவிடாமல் தடுக்கிறது. இந்தியரிடம் அந்த மரபு மாற்றம் மிக அரிது. சர்க்கரையின் பக்கம் தட்டு மறுபுறம் சாய்கிறது: தெற்காசிய உடல், உடல் எடை மிகாத நிலையிலேயே நீரிழிவுக்கு ஆளாகிறது. மதுவில் நமக்கு எச்சரிக்கை மணி இல்லை. சர்க்கரையில் நமக்கு விளிம்பு மிக அருகில் இருக்கிறது.

அடுத்த உறவு இன்னும் ஆழமானது. மிகுதியான குளுக்கோசின் ஒரு பகுதியை உயிரணு சார்பிட்டாலாக்கி, அதைப் பிரக்டோசாக்குகிறது. இரண்டாம் படியில் எலக்ட்ரான்களைச் சுமக்கும் என்ஏடிஎச் என்ற மூலக்கூறு குவிகிறது. உயிரணுவில் ஆக்சிஜன் இருந்தும், அது இல்லாததற்கான வேதியியல் அடையாளம் தோன்றிவிடுகிறது. ஜோசப் வில்லியம்சன் 1993-இல் இதைப் பொய்யான ஆக்சிஜன் பஞ்சம் என்று விளக்கினார். எத்தனால் உடையும்போதும் குவிவது இதே என்ஏடிஎச். அசிட்டால்டிஹைடாகும் படியில் ஒன்று, அசிட்டேட்டாகும் படியில் இன்னொன்று. சர்க்கரை சுற்றுவழியாகச் சென்று சேரும் நிலைக்கு மது நேர்வழியில் சென்று சேர்கிறது. இந்தக் குவிப்பால்தான் வெறும் வயிற்றில் குடித்தவருக்கு ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் புதிதாகக் குளுக்கோஸ் செய்யும் வேலை தடைப்பட்டுப் போகிறது. மாத்திரை உண்ணும் நீரிழிவு நோயாளிக்கு அந்த இரவு மது, சர்க்கரையின் எதிரியாக வேடமிட்டு வருகிறது.

வேடம் விரைவில் கலைகிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஜான்சனும் மிகெல் லனாஸ்பாவும் சார்ந்த குழு, நீரிழிவு எலிகளின் சிறுநீரகமே பிரக்டோசைத் தயாரிக்கிறது என்றும், அதை உடைக்கும் பிரக்டோகைனேஸ் நொதி இல்லாத எலிகளின் நுண்குழல்கள் குறைவாகவே சேதமடைகின்றன என்றும் 2014-இல் காட்டியது. பின்னர் அதே குழு மது கொடுத்த எலிகளை ஆராய்ந்தது. அவற்றின் கல்லீரலிலும் பிரக்டோஸ் உற்பத்தி முடுக்கிவிடப்பட்டிருந்தது. அதே நொதியைத் தடுத்தால் கல்லீரலின் சேதம் குறைந்தது. மதுவின் தீங்கில் ஒரு பங்கு, மது தூண்டிவிட்ட சர்க்கரையின் தீங்கு! யூரிக் அமிலம் ஏறுவதும் இரண்டுக்கும் பொது. பிரக்டோஸ் உடையும்போது உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி கரைந்து யூரிக் அமிலமாகிறது. மது உடையும்போது உண்டாகும் லாக்டேட் அந்த யூரிக் அமிலம் சிறுநீரில் வெளியேறவிடாமல் போட்டியிடுகிறது. கால் பெருவிரலில் கீல்வாதம் வந்தவரிடம் மருத்துவர் பியரையும் குளிர்பானத்தையும் ஒரே மூச்சில் விசாரிப்பது இதனால்தான்.

வளர்ச்சியைப் பற்றிய சமிக்ஞைகளுக்கு வருவோம். ஒப்பீடு மிகவும் நுட்பமாவது இங்கேதான். நீரிழிவில் சிறுநீரகம் சுருங்கும் முன் பெருக்கிறது. டென்மார்க்கின் கார்ல் எரிக் மோகென்சன் 1973-இல், நீரிழிவு தொடங்கிய புதிதிலேயே சிறுநீரகம் பெருத்து, வடிகட்டும் வேகம் கூடியிருப்பதை விவரித்தார். ஆறு ஆண்டுகள் முன்னதாக, 1967-இல், வேறொரு குழு கல்லீரல் நைந்து இறந்த குடிநோயாளிகளின் சிறுநீரகங்களைப் பிரேதப் பரிசோதனையில் எடை போட்டது. அவையும் இயல்பைவிடக் கனமாக இருந்தன. ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரு ஆய்வுகள் ஒரே வினோதத்தை எழுதிவைத்தன.

பெருப்பின் உள்கதை சர்க்கரையின் பக்கம் தெளிவாக வரையப்பட்டிருக்கிறது. சர்க்கரை மிகுந்ததும் மெசாஞ்சியல் உயிரணு முதலில் ஓரிரு முறை பிரிகிறது. பிறகு புரதக் கைனேஸ்-சியும் டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணியும் விழித்துக்கொள்ள, பி27 என்ற புரதம் உயிரணுச் சுழற்சியை நிறுத்திவிடுகிறது. பிரிவு நின்றும் புரத உற்பத்தி நிற்பதில்லை. உயிரணு வளர்ச்சியை முடுக்கும் எம்டார் பாதை அதை ஓட்டிக்கொண்டே இருக்கிறது. எண்ணிக்கை கூடாமல் ஒவ்வோர் உயிரணுவும் வீங்குகிறது. சுற்றிலும் நார்ப்புரதம் படிகிறது. குமார் சர்மாவும் ஃபுவாத் ஸியாதேயும் 1996-இல் நீரிழிவு எலிகளுக்கு டிஜிஎஃப்-பீட்டாவை முடக்கும் எதிர்ப்பொருளைக் கொடுத்தபோது, சர்க்கரை குறையாமலேயே சிறுநீரகப் பெருப்பு மட்டுப்பட்டது. கட்டளையின் நடுவில் கைவைத்தால் போதும் என்று தெரிந்தது.

மதுவின் பக்கம் இவ்வளவு நேர்கோடு கிடையாது. எத்தனால் கல்லீரல் உயிரணுவில் வளர்ச்சிச் சமிக்ஞைகளைப் பெருக்குகிறது. வளரும் மூளை உயிரணுவில் இன்சுலின் குடும்பத்து வளர்ச்சிச் சமிக்ஞைகளைத் தடுக்கிறது. தசையில் எம்டார் பாதையை அடக்கி, குடிநோயாளியின் கைகால்களை மெலிய வைக்கிறது. சிறுநீரக நுண்குழலிலோ அசிட்டால்டிஹைடும், எதையும் தாக்கும் ஆக்சிஜன் உதிரிகளும் என்எஃப்-காப்பாபி என்ற அழற்சிச் சமிக்ஞையை எழுப்புகின்றன. நீடித்தால் டிஜிஎஃப்-பீட்டாவும் நார்த்தழும்பும் தொடர்கின்றன. சர்க்கரை ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப இடுகிறது. மது தனக்கென ஒரு கட்டளையை இடுவதில்லை. அங்கங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கட்டளைகளைத் திரித்துவிடுகிறது. அதனால் சர்க்கரையின் விளைவை அளவைக் கொண்டு ஊகிக்கலாம். மதுவின் விளைவை அளவு, காலம், உயிரணு வகை மூன்றையும் கேட்டபிறகே ஊகிக்க முடியும். கடைசி நிறுத்தம் மட்டும் இருவருக்கும் ஒன்றே: ஆக்சிஜன் உதிரி, டிஜிஎஃப்-பீட்டா, நார்.

கருவறையில் இந்த ஒற்றுமை திடுக்கிட வைக்கிறது. மனிதச் சிறுநீரகத்தில் நெஃப்ரான்கள் எனும் வடிகட்டும் அலகுகள் பிறப்புக்குச் சற்று முன் முழுமையாக உருவாகிவிடுகின்றன. அதன்பின் ஒன்றுகூடப் புதிதாக முளைக்காது. ஒருவருக்கு இரண்டு லட்சம் வாய்க்கலாம், இன்னொருவருக்கு இருபது லட்சம் வாய்க்கலாம். சினையுற்ற எலிகளுக்குச் சர்க்கரை ஏறியிருந்தால் குட்டிகளின் நெஃப்ரான் எண்ணிக்கை சுமார் மூன்றில் ஒரு பங்குவரை குறைகிறது என்று 1999-இல் பிரான்சில் கண்டார்கள். சினையுற்ற எலிகளுக்கு இரண்டே நாள் மது கொடுத்தால் ஆண் குட்டிகளுக்கு 15 விழுக்காடும் பெண் குட்டிகளுக்கு 10 விழுக்காடும் குறைகிறது என்று 2010-இல் ஆஸ்திரேலியாவில் கண்டார்கள். அக்குட்டிகள் வளர்ந்தபோது ரத்த அழுத்தமும் கூடியிருந்தது. சிறுநீரகக் குழல் கிளை பிரிவதற்கு வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ரெட்டினாயிக் அமிலம் வேண்டும். அதைத் தயாரிக்கும் நொதிகள் மதுவை உடைக்கும் நொதிகளின் குடும்பத்தையே சேர்ந்தவை. ஆய்வுக்கூடத்தில் மதுவோடு ரெட்டினாயிக் அமிலத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது கிளைகள் தப்பின. கர்ப்பிணிக்கு மது ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும். கர்ப்பகாலச் சர்க்கரையும் பிள்ளையின் சிறுநீரகத்தில் கைவைக்கக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது.

வளர்ச்சி கட்டுமீறினால் புற்று. இங்கே ஒப்பீடு தலைகீழாகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே மதுவை முதல் வகைப் புற்றூக்கியாக அறிவித்தது. வாய், உணவுக்குழாய், கல்லீரல், மார்பகம் எனப் பட்டியல் நீள்கிறது. அதே முகமை 2010-இல் வெளியிட்ட 96-ஆம் தொகுதியில், சிறுநீரகப் புற்றைப் பொறுத்தவரை மது அதை உண்டாக்குவதில்லை என்ற பக்கமே சான்றுகள் சாய்வதாக எழுதியது. 2007-இல் 12 நீண்டகால ஆய்வுகளை ஒன்றுசேர்த்தபோது, நாளுக்கு 15 கிராமும் அதற்கு மேலும் அருந்துவோரிடம் சிறுநீரகப் புற்று 28 விழுக்காடு குறைவாகவே காணப்பட்டது. உடற்பருமனும் நீரிழிவுமோ அதே புற்றை மிகுதிப்படுத்தும் காரணங்களாக எண்ணப்படுகின்றன. நல்ல பெயர் எடுத்த இனிப்பு இங்கே குற்றவாளிக் கூண்டின் அருகில் நிற்க, கெட்ட பெயர் எடுத்த மது சாட்சிகள் இன்றி விடுபடுகிறது. இதைக் குடிப்பதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்பவர், தம் உணவுக்குழாயையும் கல்லீரலையும் கணக்கில் மறந்தவர்.

சிறுநீரகச் செயலிழப்பிலும் சான்றுகளின் எடை சமமாக இல்லை. சர்க்கரையின் குற்றம் சோதனையால் மெய்ப்பிக்கப்பட்டது: 1993-இல் வட அமெரிக்காவிலும் 1998-இல் பிரிட்டனிலும் முடிந்த பெரும் ஆய்வுகளில், ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்திய பிரிவினருக்குச் சிறுநீரகச் சேதம் குறைந்தது. மதுவுக்கு இப்படிச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஆண்டுக்கணக்கில் குடிக்க வைத்த ஆய்வு இல்லை. இருப்பவை கவனித்து எழுதியவை. 11,023 அமெரிக்க ஆண் மருத்துவர்களை 14 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு, வாரம் ஏழு கோப்பையும் அதற்கு மேலும் அருந்தியோருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறையும் வாய்ப்பு குறைவு என்று 2005-இல் சொன்னது. இத்தகைய முடிவுகளில் ஒரு பழைய பொறி உண்டு: உடல் கெட்டதால் குடியை விட்டவர்களும் குடிக்காதவர்கள் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். அளவாக அருந்தும் மருத்துவர் நன்றாக உண்கிறார், நடக்கிறார், மருந்தை மறக்காமல் உட்கொள்கிறார். தோட்டத்திலிருந்து நகருக்குப் பெயர்ந்து, வெறும் வயிற்றில் மலிவுச் சாராயமான சம்சு குடித்துப் படுக்கும் தொழிலாளியின் சிறுநீரகத்துக்கு அந்த மருத்துவரின் புள்ளிவிவரம் எப்படிப் பொருந்தும்?

மதுவின் தீங்கு பெரும்பாலும் வேறு உறுப்புகள் வழியாகச் சிறுநீரகத்தை அடைகிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. கல்லீரல் நைந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் வற்றுகிறது. குடலின் தடுப்பு கசிந்து, ஐஜிஏ எதிர்ப்பொருள்கள் வடிமுடிச்சில் படிகின்றன. இவற்றால் இறப்பவரின் சான்றிதழில் கல்லீரல் என்றோ மாரடைப்பு என்றோ எழுதப்படும். சர்க்கரை தன் பெயரிலேயே கணக்கு வைத்திருக்கிறது. மது பிறர் பெயரில் வைத்திருக்கிறது. சர்க்கரை தனியே செய்யும் சேதத்துக்கு இன்னொரு சான்றையும் சேர்க்க வேண்டும். மலாய்க்காரர்களில் மிகப் பெரும்பாலோர் மதுவைத் தொடுவதில்லை. ஆனாலும் அவர்களிடையே நீரிழிவும் டயாலிசிசும் பரவலாகவே இருக்கின்றன. மது இல்லாமலேயே ஒரு சமூகத்தின் சிறுநீரகங்கள் பழுதாகலாம் என்பதற்கு அடுத்த வீட்டிலேயே நிரூபணம் இருக்கிறது.

மதுவுக்கு மட்டுமே உரிய ஓர் ஆபத்தும் உண்டு: கலப்படம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவால் பலர் மாண்டார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அவர்களில் கணிசம். மெத்தனாலும் எத்தனாலை உடைக்கும் அதே நொதியால்தான் உடைகிறது, அதுவும் ஓர் ஆல்டிஹைடாகத்தான் மாறுகிறது. பார்மால்டிஹைடு பார்மிக் அமிலமாகிக் கண்ணைக் குருடாக்குகிறது. சிகிச்சையில் நொதியைத் திசைதிருப்ப நல்ல எத்தனாலையே கொடுப்பதுண்டு; ரத்தத்தைச் சுத்தப்படுத்த டயாலிசிஸ் இயந்திரம் இயங்குகிறது. 1964-இல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் இந்நாட்டில் முதன்முதலாக ஓடத் தொடங்கிய அந்த இயந்திரம், சர்க்கரையால் சிறுநீரகம் செயலிழந்தவருக்கு ஆயுள் முழுதும் வாரம் மும்முறை தேவை. மெத்தனால் அருந்தியவருக்கு ஓரிரு நாளில் உயிரைத் தீர்மானிக்கும் தேவை.

மருந்தில் சர்க்கரைக்குக் கிடைத்த வசதி மதுவுக்குக் கிடைக்கவில்லை. நுழைவுக் கடத்தி ஒன்று இருப்பதால் அதை அடைக்கவும் முடிகிறது. எஸ்ஜிஎல்டி-2 தடுப்பு மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீரிலேயே போகவிட்டு, வடிமுடிச்சின் அழுத்தத்தையும் தணிக்கின்றன. மலேசியா உட்பட எட்டு நாடுகளில் 6,609 பேரிடம் நடந்து 2022-இல் முடிவு வெளியான எம்பா-கிட்னி ஆய்வில், சிறுநீரக நோய் முற்றுவதும் இதயநோயால் இறப்பதும் சேர்ந்த அபாயம் 28 விழுக்காடு குறைந்தது. நீரிழிவு இல்லாதவர்களுக்கும் பலன் இருந்தது. எத்தனாலுக்கு அடைக்க வாயில் இல்லை. குடியை நிறுத்துவது ஒன்றே அதன் தடுப்பு மருந்து.

அரசின் பார்வை மட்டும் மெல்லச் சமநிலைக்கு வருகிறது. மது வாங்கும் வயது 2017 டிசம்பரில் 18-லிருந்து 21 ஆனது. இனிப்புப் பானங்களுக்கு 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. 2024-இல் 50 சென், 2025-இல் 90 சென் என உயர்ந்தது. வரி புட்டிக்கும் டின்னுக்கும்தான். கெட்டிப்பால் ஊற்றி இழுத்து ஆற்றும் தே தாரேக்குக்கு வரி இல்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் இனிப்புக் கடைக் கண்ணாடிப் பெட்டிக்கும் இல்லை. கள்ளுக்கடைக்குள் போகிறவன் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போவான். மைசூர்பாகு வாங்குகிறவன் ஊரறிய அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு போவான்.

இரண்டையும் நிறுத்துப் பார்த்தபின் கிடைக்கும் முடிவு, ஒன்றை விடுவித்து மற்றதைத் தண்டிப்பதாக அமையவில்லை. உயிரணுவின் கணக்கில் சர்க்கரையும் மதுவும் வெவ்வேறு வாசலில் நுழைந்து, ஒரே ஆல்டிஹைடு வேதியியலைப் பேசி, ஒரே என்ஏடிஎச்சைக் குவித்து, ஒரே நாரில் முடிகின்றன. மனிதரின் கணக்கில் சர்க்கரை அதிகம் பேரைத் தொடுகிறது, மெதுவாக, நிரூபணத்தோடு; மது குறைவானவர்களைத் தொடுகிறது, முரட்டுத்தனமாக, பெரும்பாலும் மறைமுகமாக. இரண்டும் ஒரே உடலில் கூடும்போது ஒன்றின் தீங்குக்கு மற்றது மாற்றாவதில்லை. அதே பாதையில் இன்னொரு கை சேர்கிறது. ஆகவே சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்று பார்க்க வந்தவரிடம், குடிப்பாரா என்று மட்டும் கேட்டு நிறுத்தும் உறவினரும் சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் கேட்டு நிறுத்தும் மருத்துவரும் பாதிக் கேள்வியையே கேட்கிறார்கள். நாதன் காலத்துத் தொழிலாளர்கள் கள்ளுக்கடையை ஒரு தனிமனிதனின் பலவீனமாகப் பார்க்கவில்லை. தோட்ட நிர்வாகம் அருகில் கொண்டுவந்து வைத்த ஒரு பொருளாகப் பார்த்தார்கள். இன்று இனிப்பு அதைவிட அருகில், அதைவிட மலிவாக வைக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் கள்ளிடம் கேட்ட அதே கேள்வியைச் சர்க்கரையிடமும் கேட்பதுதான் இந்த ஒப்பீடு நம்மிடம் வைக்கும் கோரிக்கை.